முதல் ஓட்டம் பிள்ளையாருக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவர் போனில் “அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்று சொன்னால் அவர் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். “கிட்ட வந்துட்டேன்” என்றால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். “உங்க தெருமுனையிலதான்” என்றால் பல்லாவரத்தைத் தாண்டிவிட்டார் என்று நம்பலாம்; எந்தத் திசையில் என்றுதான் தெரியாது. தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் இதுதான் நடைமுறை. இதற்காக யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்வதில்லை. சொன்னால் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆளே மிஞ்சாது.

இந்த ஏற்பாட்டில் சேராதவர் அக்கா ஒருத்தர்தான். பள்ளிக்கரணையில் வீடு, தாம்பரம் சானடோரியத்தில் ஆபீஸ். கிளம்பும்போது போன் செய்தால் “ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடுவேன்” என்பார். நாங்கள் சிரிப்போம். முக்கால் மணியில் வந்து நிற்பார்.

“அப்புறம் எதுக்குக்கா ரெண்டு மணி நேரம்னீங்க?”

“மேடவாக்கத்துல லாரி மல்லாந்து, ஸ்கூட்டர் பஞ்சராகி, மழையும் பெஞ்சா ரெண்டு மணி நேரம். இன்னிக்கு ஒண்ணுமே நடக்கல. அதுக்கு நான் என்ன பண்றது?”

வருத்தமாகச் சொல்வது போலவே இருக்கும்.

அக்கா என்று கூப்பிட்டேனே தவிர, என்னைவிட இரண்டு மாதம் இளையவர். முதல் நாள் அவரைப் பார்த்த பயத்தில் வாயில் வந்துவிட்டது, அப்புறம் மாற்ற முடியவில்லை. அவர் பழிக்குப் பழியாக என்னை “சார்” என்பார். ஆபீஸில் மற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அதிகபட்சம்’. “அதிகபட்சம் சாப்பிட்டாச்சா?”, “அதிகபட்சம் இன்னிக்கு லீவு.” அவர் காதில் விழும்படியே சொல்வோம். கோபித்துக்கொண்டதில்லை.

கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். ஆஸ்பத்திரிகளுக்கு சிரிஞ்ச் பம்ப் செய்கிற சின்னக் கம்பெனி. பிறந்த குழந்தைகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளுகிற கருவி அது. குழாய் எங்காவது மடங்கி அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். அதைக் கண்டுபிடித்துப் பம்ப்பை உடனே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடைப்பு விடுகிற நேரத்தில் தேங்கிய மருந்தெல்லாம் ஒரே மூச்சில் குழந்தைக்குள் போய்விடும். அந்த அழுத்தத்தைக் கவனிக்கிற புரோகிராமை எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்திருந்தார் முதலாளி முரளி சார். அவருக்கு நல்ல மனசு, நல்ல தூக்கமும்கூட.

எனக்கோ இரண்டும் கிடையாது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கினால் உயில் எழுதவில்லையே என்று நினைக்கிற ஜாதி நான். பதட்டம் வெளியே தெரியாமலிருக்க ஜோக் அடிப்பேன். ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை என்றால் அதற்குத் தனியாக ஒரு பதட்டம்.

அக்காவின் வேலை, நான் எழுதுவது போன்ற புரோகிராம்கள் ஓடி முடிக்க அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது. சாதாரணமாக எவ்வளவு ஆகும் என்று ஓட்டிப் பார்த்து யாரும் சொல்லிவிடலாம். எல்லாமே ஒரே நேரத்தில் கெட்டுப்போனாலும், எது எதோடு மோதினாலும், இதற்கு மேல் ஒரு நொடித்துளிகூட ஆகாது என்று ஒரு எல்லையைக் கட்டிக்கொடுப்பது வேறு. எல்லை ரொம்பத் தள்ளியிருந்தால் யாருக்கும் பிரயோசனமில்லை. கொஞ்சம் கிட்டே இருந்து ஒரே ஒரு முறை மீறிப் போனால் அது எல்லையே இல்லை. இதற்கு முன்னால் கார் பிரேக் செய்கிற இடத்தில் இருந்தாராம். “பிரேக் சாதாரணமா பிடிக்கும்னு சொன்னா நீங்க அந்த கார்ல ஏறுவீங்களா சார்?” என்று கேட்டார். அன்று மாலை நான் பஸ்ஸில் போனேன். பஸ்ஸுக்கும் பிரேக்தான் என்பது பல்லாவரம் வந்ததும் ஞாபகம் வந்து இறங்கிவிட்டேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. புது சர்க்யூட் போர்டு வந்தால் ஓரத்தில் சந்தனம், குங்குமம் வைத்து ஊதுபத்தி ஏற்றுவோம். ஒருமுறை கற்பூரம் கொளுத்தி ஃபயர் அலாரம் அடித்து, பாத்திரக்கடைக்காரர் குண்டானோடு மேலே ஓடி வந்த பிறகு கற்பூரம் கிடையாது. அப்புறம் புரோகிராமை முதல் தடவை ஓட்டுவோம். எல்லோரும் கைதட்டுவோம். எடுத்துக்கொண்ட நேரம் திரையில் வரும். அதை எழுதிக்கொள்ள மாட்டோம். “முதல் ஓட்டம் பிள்ளையாருக்கு” என்பார் முரளி சார். இரண்டாவது ஓட்டத்திலிருந்துதான் கணக்கு.

இதில் பக்தி மட்டும் இல்லை. முதல் ரீடிங் எப்போதுமே கொஞ்சம் ஏறுமாறாக வரும், அதைத் தள்ளிவிட வேண்டும் என்று நாங்கள் படித்தவர்களும் நம்பினோம். பக்தியும் படிப்பும் ஒன்றாகத் தலையாட்டினால் குறுக்கே கேட்பவர் யார்?

அக்கா சேர்ந்த மாதத்தில் ஒரு போர்டு வந்தது. சந்தனம் வைத்தோம், ஓட்டினோம், தட்டினோம். பிறகு ஆயிரக்கணக்கில் ஓட்டினோம். அழுத்தம் பார்க்கிற புரோகிராம் ஒவ்வொரு தடவையும் தனக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் அடக்கமாக முடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அச்செடுத்த ரீடிங்குகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

“முதல் ரீடிங் எங்க சார்?”

“அது சாமிக்குக்கா.”

“சாமி பத்திரமா வெச்சிருப்பார் இல்ல? திருப்பிக் கேளுங்க.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகினார். முதல் ஓட்டத்தை மட்டும் பார்த்தார். மறுபடி பிடுங்கினார். திரையில் வந்த எண்ணைப் பார்த்து எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டியிருந்தது.

சிப்புக்குள் ஒரு சின்ன இடம் உண்டு. சற்றுமுன் ஓடியதை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து ஓட்டினால் எல்லாம் கையிலேயே இருக்கும், வேகமாக முடியும். முதல் தடவை மட்டும் ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து எடுத்துவர வேண்டும். நாங்கள் ஆயிரம் தடவை ஓட்டியதெல்லாம், சமையல்காரர் எல்லாவற்றையும் மேடையில் பரப்பிவைத்துக்கொண்டு ஆயிரம் தோசை சுட்ட மாதிரி.

“ஆஸ்பத்திரியில குழாய் எப்பவாவதுதான் அடைக்கும்” என்றார் அக்கா. “அடைக்கிறப்போ இந்தப் பகுதி ஓடி ரொம்ப நேரம் ஆகியிருக்கும். வேற வேலையெல்லாம் வந்து இதை வெளியில தள்ளியிருக்கும். அங்க ஓடுறதெல்லாம் முதல் ஓட்டம்தான் சார். பிள்ளையார் ஓட்டம்.”

முரளி சார் கையைப் பிசைந்தார். பம்ப்புகளை அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். “லட்சத்துல ஒரு தடவை நடக்குமாம்மா?”

“இருக்கும் சார். அந்த ஒரு தடவை யாரோட குழந்தைன்னு தெரியலையே.”

அவர் குரலை உயர்த்தவில்லை. முரளி சார் கொஞ்ச நேரம் பிள்ளையார் படத்தையே பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, தாமதமாகும் என்று சொல்லத் தன் அறைக்குள் போனார். அந்தப் பகுதியை சிப்பின் வேகமான இடத்தில் யாரும் தள்ள முடியாதபடி நிரந்தரமாக உட்காரவைத்தோம். அதன் பிறகு முதல் ஓட்டமும் கணக்கில் வந்தது. ஊதுபத்தி நிற்கவில்லை. அக்காவே ஏற்றுவார்.

அவர் மோசமானதையே நினைக்கிறவர் என்பதால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பதவியில் நான் இருந்தேன். ஒருநாள் மதியம் எனக்கு நெஞ்சு வலித்தது. முரளி சார் “கேஸா இருக்கும்பா, சோடா குடி” என்றார். மற்றவர்களும் சோடாதான் என்றார்கள். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கேஸாத்தான் இருக்கும் சார். கேஸ் இல்லன்னு வெச்சுக் கிளம்புவோம்.”

ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். “இன்னா சார், நெஞ்சு வலியா? கவலப்படாத. அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்து உட்டுர்றேன்.”

“அஞ்சு நிமிஷம் வேணாம்ணா. ரொம்ப லேட்டானா எவ்ளோ ஆகும், அதச் சொல்லுங்க” என்றார் அக்கா.

“இன்னா மேடம், பேஷண்ட்ட வெச்சிகினு இப்டி கேக்கறே?”

“சொல்லுங்கண்ணா.”

அவர் யோசித்தார். “ரயிலு வுட்டு ஜனம் எறங்கிச்சுன்னா, அரை மணி ஆவும்.”

அக்கா உடனே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, அரை மணிக்குள் வருகிறோம், அதற்குள் ஈசிஜி தயாராக இருக்கட்டும் என்றார். என் பக்கம் திரும்பி, “அரை மணி மூச்சு விட்டுக்கிட்டு இருங்க, போதும்” என்றார். அதுவரை நான் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து மூச்சு விட வேண்டும் என்று நினைத்துத் திணறிக்கொண்டிருந்தேன். அரை மணிக்கு மட்டும் என்றதும் முடிந்தது.

கேஸ்தான். வாழைக்காய் பஜ்ஜி. டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தார், ஆட்டோக்காரர் வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுச் சிரித்தார். அக்கா மட்டும், “நல்லதாப் போச்சு” என்றார். இதை ஆபீஸில் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. நானேதான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க வேண்டியதாயிற்று.

அவர் மேசையில் போன் எப்போதும் முகம் மேலே பார்க்க, முழுச் சத்தத்தில் இருக்கும். எல்லா ஒழுங்கும் உள்ள மனுஷி மீட்டிங்கில் மட்டும் போனை அடக்க மாட்டார். கடன் அட்டை விற்கிறவர்கள் கூப்பிட்டால்கூடப் பதறி எடுப்பார். பதறுவது என் துறை என்பதால் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

காரணம் ஒரு லூப்பில் தெரிந்தது. லூப் என்றால், புரோகிராமில் ஒரே வேலையை ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை திரும்பத் திரும்பச் செய்கிற பகுதி. நான் எழுதியதை அக்கா வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“இந்த லூப் அதிகபட்சம் எத்தனை தடவை சுத்தும்?”

“சென்சார் பதில் சொல்ற வரைக்கும்க்கா.”

“அது பதில் சொல்லலைன்னா?”

“சொல்லிடும்க்கா. நல்ல சென்சார்.”

“சொல்லலைன்னா?”

“சுத்திக்கிட்டே இருக்கும்.”

“அப்ப அது காத்துக்கிட்டு இல்ல சார். தொங்கிக்கிட்டு இருக்கு.” பென்சிலால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். பிறகு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு, “எனக்குத் தெரியும். நானும் வீட்டுக்காரரும் இந்த மாதிரி ஒண்ணுலதான் இருக்கோம்” என்றார்.

தத்தெடுக்கப் பதிவு செய்திருந்தார்கள். வரிசையில் பெயர் இருக்கிறது. எப்போது வரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. “சாதாரணமா மூணு வருஷம்னாங்க. அதிகபட்சம்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இல்லைங்கிறாங்க.” கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டி அது ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் சின்னக் குழந்தை கிடையாது. “ரெண்டு பேர் வயசும் சேர்ந்து ஏறுது சார். வருஷத்துக்கு ரெண்டு. நம்ம பக்கம் டெட்லைன் டபுள் ஸ்பீடுல வருது, அந்தப் பக்கம் எல்லையே இல்லை.” அழைப்பு வந்தால் இரண்டே நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழந்தை வரிசையில் அடுத்தவருக்குப் போகும்.

“வந்துடும்க்கா, கிட்ட வந்துருக்கும்” என்றேன். எங்கள் ஊர்ப் பொய். அவர் கண்டுகொள்ளாமல் என் முன்னால் ஒரு படிவத்தைத் தள்ளினார்.

“என் போன் கெட்டுப்போகலாம். அவர் ஸ்கூல்ல எக்ஸாம் டியூட்டின்னா போனை வாங்கி வெச்சுக்குவாங்க. மூணாவதா ஒரு நம்பர் வேணும். உங்களோடது குடுக்கவா?”

“நானா? அக்கா, நான் பதட்டத்துல ஏதாவது உளறிடுவேனே.”

“அதுக்குத்தான். நீங்க ஒருத்தர்தான் எப்ப அடிச்சாலும் முதல் ரிங்லயே எடுக்கறீங்க.”

என் பதட்டத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அதன் பிறகு இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவதில் வானம் ஓட்டையாகி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தன் பழைய இடங்களையெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவது என்று கிளம்பியது. அக்கா இருந்த பக்கம் கரண்ட் இல்லை, டவர் இல்லை. கீழ்க்கட்டளையில் என் வீட்டில் கரண்ட் மட்டும் இல்லை. காலையில் போன் அடித்தது. முதல் ரிங்கில் எடுத்தேன்.

“சார், நான் குழந்தைகள் இல்லத்துலேர்ந்து பேசறேன். மேடம் போன் போகல. அவங்க ஹஸ்பண்ட் போனும் நேத்துலேர்ந்து ஸ்விட்ச் ஆஃப். நீங்க அவங்களுக்கு யாரு?”

“மூணாவது நம்பர்” என்றேன்.

அந்தப் பெண்மணி பொறுமையாக விளக்கினார். அழைப்பு நேற்றே வந்துவிட்டது. இன்று மாலைக்குள் பதில் வேண்டும். நான் போனை வைத்துவிட்டு சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி வாசலை மறித்தாள்.

“எங்க போறீங்க? நீங்களா? கோவளத்துல அலை வந்தா என்னை முன்னாடி தள்ளிட்டு நிக்கற ஆளு நீங்க.”

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒதுங்கி, சட்டையைக் கழற்றி நேராகப் போட்டுவிட்டு, “போன பிளாஸ்டிக் கவர்ல சுத்திக்கோங்க” என்றாள்.

மேடவாக்கம் வரை ஸ்கூட்டர் வந்தது. அதற்கு மேல் நடை. பள்ளிக்கரணையில் அக்கா தெரு ஆரம்பிக்கிற இடத்தில் தெருவைக் காணோம், தண்ணீர்தான். ஒருவர் தலையில் கேஸ் சிலிண்டரோடு எதிரே வந்தார்.

“அண்ணா, அதிகபட்சம் எவ்ளோ ஆழம் இருக்கும்?”

“முட்டிதான் சார். இப்டியே பயந்துகினு நின்னின்னா சாயங்காலம் இடுப்பு.” இரண்டடி போய்த் திரும்பினார். “நடுவுல போ சார், ஓரத்துல காவா கீது.”

நடுவில் போனேன். நடு எது என்று மட்டும் தெரியவில்லை. காலில் ஏதோ உரசியது. பாம்பு என்று முடிவு செய்து, பிறகு அதிகபட்சம் நல்ல பாம்பு என்று அதையும் முடிவு செய்து, அப்படியானால் திரும்பிப் போகவும் நேரமில்லை என்பதால் முன்னால் போனேன். கையில் எடுத்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் கயிறு. அக்கா முதல் மாடி பால்கனியில் மழை பிடிக்க வாளி வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா! வந்துருச்சு!”

“என்னது, தண்ணியா? தெரியுது.”

“குழந்தை! போன் வந்துது! சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்!”

அவர் வாளியைக் கீழே வைத்தார். முகம் இறுகியது. “சார், இதுல விளையாடாதீங்க.”

எத்தனையோ ஜோக் அடித்திருக்கிறேன். அவை எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிட மாட்டோமா என்றிருந்தது. முட்டித் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். என் ஈரப் பேண்ட்டில் அவர் கண் நின்றது.

“நீங்க தண்ணிக்குள்ள நடந்து வந்தீங்களா?” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “ஏங்க!” என்று கூப்பிட்டார். அந்த மாதிரி ஒரு குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

அவர் கணவர் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார், ரொம்ப நிதானமானவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் குடைக்கம்பால் தரையைக் குத்திப் பார்த்தபடி நடந்தார். மேடவாக்கம் பாலத்து மேல்தான் சிக்னல் கிடைத்தது. வெள்ளத்துக்குப் பயந்து ஊரிலுள்ள கார்களையெல்லாம் பாலத்தின் இரண்டு ஓரத்திலும் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். இரண்டு கார்களுக்கு நடுவே, யாரோ ஒருவருடைய பானட்டில் என் போனை வைத்துக்கொண்டு மூவரும் குனிந்தோம். குடையை நான் பிடித்தேன்.

இல்லத்திலிருந்து படம் வந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை. யாரோ சிரிக்கச் சொல்லியிருப்பார்கள் போல, அதற்காகவே சிரிக்காமல் இருந்தாள். அக்கா கட்டைவிரலால் திரை மேல் விழுந்த மழைத்துளியைத் துடைத்தார். அது மறுபடி விழுந்தது, மறுபடி துடைத்தார். இல்லத்துப் பெண்மணிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“மேடம், ஒரு விஷயம் சொல்லிடறேன். குழந்தைக்கு இதயத்துல சின்னதா ஒரு ஓட்டை இருக்கு. வளர வளர தானா மூடிடும்னு டாக்டர் சொல்றாங்க. சாதாரணமா மூடிடும்.”

சாதாரணமா. குடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்த்தையோடு எந்தப் புரோகிராமையும் அக்கா கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியதில்லை. முரளி சாருக்காகக்கூட அனுப்பவில்லை.

“மூடலைன்னா?” என்றார் அக்கா.

“மூடலைன்னா… ஆபரேஷன் பண்ணணும் மேடம்.”

“அது சரியா வரலைன்னா?”

“இன்னொரு தடவை பண்ண வேண்டியிருக்கலாம் மேடம். ஆயுசு பூரா செக்கப் போகணும். அதுக்கு மேல எனக்குத் தெரியல. உங்களுக்குத் தயக்கமா இருந்தா பரவால்ல, நாங்க அடுத்தவங்களுக்கு…”

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி ஈர வேட்டியிலேயே துடைத்துப் போட்டுக்கொண்டார். “நான் பெரியாஸ்பத்திரி பக்கத்துலதான் படிச்சேன். வழி தெரியும்” என்றார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அடுத்தவங்களுக்கு வேணாம்” என்றார் அக்கா போனில். “எங்களுக்குத்தான். மோசமானது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். சரின்னு போட்டுக்கோங்க.”

நான் ஒன்பது வருஷமாக அவருடைய ‘இல்லைன்னா’க்களைக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். முரளி சாரோ அதைக் கேட்டால் அக்கா தட்டிக்கழிக்கிறார் என்று நினைப்பார். பாலத்தில் நின்றபோதுதான் தெரிந்தது, அக்கா சரி என்று தலையாட்டுகிற முறையே அதுதான். பானட்டுக்குச் சொந்தக்காரர் வந்து, “இன்னா சார், கார் மேல ஆபீஸா?” என்று கேட்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் ரொம்பப் பயந்துவிட்டார்.

மழை விட்டு, தத்தெடுப்புத் தாள்களெல்லாம் சரியான பிறகு என் காரில்தான் போனோம். இல்லம் வேலூருக்குப் பக்கத்தில். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். பின்சீட்டில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஏதோ நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஆயாம்மா ஒருவர் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். “பாப்பா, யாரு வந்துருக்காங்க பாரு, அம்மா பாரு.” பாப்பா யாரையும் பார்க்கவில்லை. ஊருக்குப் போகிறோம் என்று சொல்லி ஒரு ஜோடி புதுச் செருப்பு கொடுத்திருந்தார்கள். அதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து ஒன்றைப் போட்டாள். கால் மாறிப் போட்டிருந்தாள். பார்த்தாள், பிடிக்கவில்லை, கழற்றினாள். மறுபடி போட்டாள். அதே கால்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. உதவலாம் என்று குனிந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானும் தரையில், குழந்தைக்கு ஒரு கை தூரத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஆயாம்மா, “இவ இப்படித்தாம்மா, யாரையும் போட விடமாட்டா. நேரமாவும்” என்றார்.

“ஆகட்டும்” என்றார் அக்கா.

போட்டாள். கழற்றினாள். ஒருமுறை சரியான காலில் போய்விட்டது, அதையும் கழற்றினாள். வாத்தியார் சுவரோரமாக நின்று, மூச்சு விடுகிறாரா என்று சந்தேகப்படும்படி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ என் காரை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். நான் போகவில்லை.

கடைசியில் குழந்தை கை ஓய்ந்து நிமிர்ந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒரு செருப்பை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் எந்தக் காலை நீட்டப்போகிறாள் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.